கார் ஏசி கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறது

புதிதாக கார் ஓட்டத் தொடங்கியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: ஏசி போட்டால் மைலேஜ் எவ்வளவு குறையும்? பதில் சொல்பவர்கள் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். ஒருவர் பத்து சதவீதம்கூட வராது என்பார். இன்னொருவர் கால்வாசி பெட்ரோல் அதற்கே போய்விடும் என்று அடித்துச் சொல்வார். கேட்டவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் இரண்டு பேர் சொல்வதுமே உண்மையாக இருக்கலாம். ஒரே காரில், ஒரே நாளில், காலையில் ஒன்றும் மாலையில் இன்னொன்றும் நடக்கலாம். அது எப்படி என்று புரிந்துகொண்டால், ஏசியை எப்போது தயங்காமல் போடலாம், எப்போது கொஞ்சம் யோசிக்கலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில், ஏசிக்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வீட்டு ஏசி மின்சாரத்தில் ஓடுகிறது. பெட்ரோல், டீசல் கார்களில் பெரும்பாலும் எஞ்சினே நேராக ஏசியை ஓட்டுகிறது. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு பெல்ட் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த பெல்ட்தான் ஏசி கம்ப்ரசரையும் சுற்றுகிறது. கம்ப்ரசரின் முகப்பில் மின்காந்த கிளட்ச் ஒன்று உண்டு. ஏசி பட்டனை அழுத்தியதும் பானட்டுக்குள்ளிருந்து மெலிதாக 'டிக்' என்று ஒரு சத்தம் வருமே, அது அந்த கிளட்ச் பிடிக்கும் சத்தம். அந்த நொடியிலிருந்து எஞ்சின் தலையில் கூடுதலாக ஒரு சுமை ஏறிவிட்டது. பட்டனை அணைத்தால் கிளட்ச் விட்டுவிடும். பெல்ட் பாட்டுக்குச் சுழலும், கம்ப்ரசர் சும்மா நிற்கும். இப்போது வரும் சில கார்களில் கிளட்ச் இல்லாமல், கம்ப்ரசர் தன் உழைப்பைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அடிப்படை ஒன்றுதான்.

இந்த கிளட்ச் எவ்வளவு பெரிய வசதி என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திக் கிடைத்த முதல் கார்கள் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனத்தின் 1940ஆம் ஆண்டு மாடல்கள். அவற்றில் கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, பானட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் குளிர் தேவைப்படாத நாளிலும் எஞ்சின் கம்ப்ரசரைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

சரி, கம்ப்ரசர் அப்படி என்னதான் வேலை செய்கிறது? ஏசி குளிரை உண்டாக்குவதாக நினைப்போம். உண்மையில் அது உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயில் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் குளிர்வாயு, மெக்கானிக்குகள் மொழியில் 'கேஸ்', திரவமாக நுழைந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நெற்றியில் வேர்வை காயும்போது சில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான். வெப்பத்தைச் சுமந்த அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து, பல மடங்கு அழுத்தி, காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது. சுற்றில் எரிபொருளைக் கேட்கும் பெரிய வேலை அந்த அழுத்துகிற வேலைதான்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காற்று வருகிற புளோயர் வேறு, ஏசி வேறு. ஏசி பட்டனை அணைத்துவிட்டு புளோயரை மட்டும் ஓட்டினால் கம்ப்ரசர் ஓடாது. புளோயர் ஒரு சாதாரண மின்விசிறி. முழு வேகத்தில் வைத்தாலும் ஓரிரு நூறு வாட்டுக்குள் முடிந்துவிடும். கம்ப்ரசர் கேட்பது கிலோவாட் கணக்கில். காலையில் வெளிக்காற்றே இதமாக இருக்கும்போது புளோயர் மட்டும் போதும். அதற்கான எரிபொருள் செலவு கண்ணுக்கே தெரியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். கொஞ்சம் எண்கள் வரும், ஆனால் கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். சிறிய காரின் கம்ப்ரசர் கடும் வெயிலில் முழு மூச்சாக ஓடும்போது 3 கிலோவாட் அளவுக்குச் சக்தி கேட்கலாம். அதாவது நான்கு குதிரைத்திறன். உள்ளே குளிர்ந்த பிறகு அது விட்டு விட்டு ஓடும், அல்லது உழைப்பைக் குறைத்துக்கொள்ளும். சராசரியாக ஒன்றரை கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி அளவுக்கு ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சுழலும் சக்தியாக மாற்றுகிறது. மீதி புகையோடும் ரேடியேட்டர் சூட்டோடும் போய்விடும். ஆக ஒரு லிட்டரிலிருந்து நமக்குக் கிடைப்பது இரண்டேகால் முதல் மூன்று கிலோவாட் மணி. ஒன்றரைக் கிலோவாட் ஏசியை ஒரு மணி நேரம் ஓட்ட அரை லிட்டர் பெட்ரோல் வேண்டும் என்று கணக்கு வருகிறது. இது தோராயமான எண்தான். கார், வெயில், உள்ளே இருக்கும் ஆட்கள் எல்லாவற்றையும் பொறுத்துக் கூடும், குறையும்.

கவனித்தீர்களா? இந்த எண் 'மணிக்கு அரை லிட்டர்' என்று வந்திருக்கிறது. கிலோமீட்டர் எங்கேயும் வரவில்லை. கார் ஓடுகிறதா, நிற்கிறதா என்பது ஏசிக்கு ஏறக்குறைய பொருட்டே இல்லை. அது நேரத்துக்குத்தான் குடிக்கிறது. ஆளாளுக்கு வேறு வேறு சதவீதம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் ஒரு கார் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 5 லிட்டர் எரிக்கிறது. ஏசிக்கு அரை லிட்டர் சேர்த்தால் ஐந்தரை. பத்து சதவீதம் கூடியிருக்கிறது. மைலேஜ் 20இலிருந்து 18 சொச்சத்துக்கு இறங்கும். அதே கார் நகர நெரிசலில் சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர்தான் நகர்கிறது, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது. இங்கே அது மணிக்கு எரிப்பது 2 லிட்டர். ஏசியின் அரை லிட்டர் சேர்ந்தால் இரண்டரை. சுமை 25 சதவீதம்! மைலேஜ் 10இலிருந்து 8க்கு வந்துவிடும். ஏசி இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான் குடித்தது. நெரிசலில் அந்த ஒரு மணி நேரத்தில் கார் கடந்த தூரம் குறைவு என்பதால் பாரம் பெரிதாகத் தெரிகிறது. கார் அசையாமல் நிற்கும்போது இது உச்சத்துக்குப் போகும். எஞ்சின் ஐடிலிங்கில் சாதாரணமாகவே மணிக்கு முக்கால் லிட்டர் போல எரிக்கும். அதோடு ஏசியும் சேர்ந்துகொள்ள, ஓடிய தூரமோ சுழியம். யாருக்காகவோ காத்திருக்கும்போது அரை மணி நேரம் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தால், பத்து கிலோமீட்டர் போயிருக்கக்கூடிய பெட்ரோல் நின்ற இடத்திலேயே தீர்ந்திருக்கும்.

கடும் வெப்பத்தில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், ஏசி எரிபொருள் சிக்கனத்தை 25 சதவீதத்துக்கும் மேல் குறைக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையும் சொல்கிறது. அந்தக் 'குறுகிய பயணம்' என்ற சொல் முக்கியமானது, ஏனென்றால் ஏசியின் மிகக் கடினமான உழைப்பு முதல் சில நிமிடங்களில்தான் நடக்கிறது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். சூரிய ஒளி கண்ணாடி வழியாக உள்ளே வந்து சீட்டையும் டேஷ்போர்டையும் சுட வைக்கிறது. அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்குகிறது. வெளியே 35 டிகிரி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே 50ஐத் தாண்டிவிடும், அதிலும் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். கண்ணாடியை விரல்கடை அளவுக்கு இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இருக்காது. அதனால்தான் குழந்தைகளையும் வயதானவர்களையும் செல்லப் பிராணிகளையும் நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப்போகக் கூடாது. எரிபொருள் கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்ல வேண்டிய விஷயம் இது.

இப்படிக் கொதிக்கும் காரில் ஏறியதும் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு ஏசியை முழு வேகத்தில் வைப்பதுதான் நம்மில் பலரின் பழக்கம். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. காருக்குள் இருக்கும் காற்றின் எடை மூன்று நான்கு கிலோதான். 60 டிகிரிக் காற்றைக் குளிர்விப்பதைவிட வெளியே துரத்திவிட்டு 35 டிகிரிக் காற்றை உள்ளே விடுவது எளிது, அதற்கு எரிபொருளும் வேண்டாம். கதவுகளைச் சற்றுத் திறந்து வைத்துவிட்டு ஏறுங்கள். கண்ணாடிகளை இறக்கியபடி முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டுங்கள், அப்புறம் ஏற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள். இதனால் எல்லாச் சூடும் போய்விடாது. சீட், டேஷ்போர்டு, கூரை எல்லாம் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். அவற்றை ஆற வைக்கத்தான் ஏசி இவ்வளவு நேரம் திணறுகிறது. நிழலில் நிறுத்துவதும், முன்கண்ணாடிக்குத் திரை வைப்பதும் அந்தச் சூட்டை ஏறவிடாமலே தடுப்பதால், எந்தப் பட்டனையும்விட அவையே அதிகம் மிச்சம் பிடிக்கும் என்பது என் எண்ணம். இன்னொன்று, ஓட்டத் தயாராகும் முன்பே எஞ்சினைப் போட்டு நின்ற இடத்தில் குளிர வைக்க வேண்டாம். ஐடிலிங்கைவிட ஓடும்போது கம்ப்ரசர் வேகமாகச் சுழலும், கண்டென்சர் மீது காற்றும் நன்றாக அடிக்கும், சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

வெயிலைப் போலவே காற்றிலுள்ள ஈரமும் ஏசிக்குப் பெரிய சுமை. ஏசி ஓடும் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துச் சிலர் பதறிப்போய் மெக்கானிக்கைத் தேடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகி வடிகிறது. ஆனால் ஆவியை நீராக்குவது லேசான வேலை இல்லை. மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சொட்டினால், அந்த ஈரத்தைப் பிரிப்பதற்கு மட்டுமே ஏசியின் குளிர்விக்கும் திறனில் ஏறக்குறைய 0.7 கிலோவாட் போகிறது. ஒரே வெப்பநிலை என்றாலும் புழுக்கமான நாளில் ஏசி அதிகம் உழைப்பது இதனால்தான்.

கண்ணாடியை இறக்கிவிட்டால் மிச்சமா?

இதில் வராத விவாதமே இல்லை. ஏசிக்குப் பதில் கண்ணாடிகளை இறக்கினால், உள்ளே புகும் காற்று காரைப் பின்னுக்கு இழுக்கும், அதனால் எரிபொருள் இன்னும் கூடும் என்பது ஒரு தரப்பு. நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் எதிர்ப்பைத் தாண்டிப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். சாதாரண கார் ஒன்றுக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ள ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல் போதும். 100 கிலோமீட்டரில் எட்டரைக் கிலோவாட் தேவை. கண்ணாடிகளை இறக்குவதால் எதிர்ப்பு பத்து சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், 50இல் கூடுதல் செலவு 0.1 கிலோவாட். ஏசியின் ஒன்றரைக் கிலோவாட்டுக்கு முன் அது தூசு. 100இல் அதுவே 0.85 ஆகிறது, இன்னும் ஏசியைவிடக் குறைவு. எதிர்ப்பு இருபது சதவீதம் கூடும் வடிவமுள்ள காரில் அதே 100இல் 1.7 ஆகி ஏசியை முந்திவிடும்.

ஆகவே 'இந்த வேகம் வரை கண்ணாடி, அதற்கு மேல் ஏசி' என்று எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. காரின் வடிவம், எத்தனை கண்ணாடி திறந்திருக்கிறது, அன்றைய வெயில் எல்லாம் அதில் சேரும். நகருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்குவது நிச்சயம் மிச்சம். நெடுஞ்சாலையில் வித்தியாசம் மிகச் சிறியது. அங்கே சத்தம், தூசு, ஓட்டுபவரின் களைப்பு இவற்றையெல்லாம் பார்த்தால் ஏசி போடுவதே மேல் என்று நான் சொல்வேன். வெக்கையில் சோர்ந்துபோன ஓட்டுநர் கவனம் தப்புவார். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்காக அந்த ஆபத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது.

எந்தத் திருகை எங்கே வைப்பது?

வெப்பநிலைத் திருகைக் கொஞ்சம் சூட்டுப் பக்கம் நகர்த்தினால் எரிபொருள் மிச்சமாகும் என்று நினைப்பது இயல்பு. கையால் திருகும் சாதாரண ஏசி உள்ள பல கார்களில் அப்படி நடப்பதில்லை. அங்கே கம்ப்ரசர் வழக்கம்போலக் காற்றைக் குளிர்விக்கும். திருகைத் திருப்பினால், அந்தக் குளிர்ந்த காற்றின் ஒரு பகுதி எஞ்சின் சூட்டில் இயங்கும் ஹீட்டர் வழியாகப் போய்க் கலக்கும், அவ்வளவுதான். குளிர்விக்கச் செலவிட்டு, மறுபடி சூடாக்குகிறோம். இந்த வகைக் காரில் குளிர் அதிகமாகத் தெரிந்தால் புளோயர் வேகத்தைக் குறையுங்கள். குளிர்விக்க வேண்டிய காற்றின் அளவு குறையும், கூலிங் காயில் சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் அடிக்கடி ஓய்வெடுக்கும். வெப்பநிலையை டிகிரியில் குறித்தால் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் ஏசி, அதோடு உழைப்பை மாற்றிக்கொள்ளும் கம்ப்ரசர் என்றால் கதை வேறு. அதில் 20க்குப் பதில் 24 என்று வைப்பது உண்மையாகவே பலன் தரும்.

உள்காற்றையே சுற்றவிடும் பட்டன், கார் படத்துக்குள் வளைந்த அம்பு வரைந்திருக்குமே, அதுவும் நல்ல மிச்சம். ஏற்கெனவே குளிர்ந்து, ஈரம் போன காற்றையே மறுபடி குளிர்விப்பது எளிது. ஆனால் மணிக்கணக்கில் அப்படியே விட்டுவிட வேண்டாம். நான்கைந்து பேர் உட்கார்ந்த காரில் மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும், மந்தமாகவும் தூக்கமாகவும் வரும். அவ்வப்போது சில நிமிடம் வெளிக்காற்றை உள்ளே விடுவது அவசியம்.

பராமரிப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்டென்சரின் இடுக்குகளில் மண்ணும் பூச்சியும் அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேறாது, அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் கூடுதலாகத் திணறும். கேஸ் குறைந்திருந்தால் குளிர் போதாமல் நாம் புளோயரைக் கூட்டிக்கொண்டே போவோம். அதே சமயம் வருடா வருடம் கேஸ் நிரப்பியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். அது மூடிய சுற்று. எஞ்சின் ஆயில் மாதிரி அது தீர்ந்துபோகும் பொருள் கிடையாது. ஒவ்வொரு வருடமும் குறைகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது, அதைச் சரி செய்வதுதான் வைத்தியம்.

பேட்டரி கார்களில் பெல்ட் இல்லை. கம்ப்ரசருக்குத் தனி மின்மோட்டார் இருக்கும். நின்றாலும் எஞ்சின் ஐடிலிங் என்ற வீண்செலவு இல்லாததால், காத்திருக்கும் நேரத்தில் ஏசி போடுவது அவற்றில் மலிவு. ஆனால் குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். எஞ்சின் காரில் ஹீட்டருக்கு எஞ்சினின் வீணாகும் சூடு இலவசமாகக் கிடைக்கிறது, பேட்டரி காரில் அந்தச் சூட்டுக்கும் பேட்டரியைத்தான் கேட்க வேண்டும்.

விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் ஏன் வரவில்லை என்று வருந்துபவர்களுக்கும் இதில் ஒரு விடை இருக்கிறது. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் டபிள்யூஎல்டிபி என்ற மைலேஜ் சோதனையில் ஏசி அணைத்துத்தான் ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் 2008 மாடல் ஆண்டிலிருந்து, 35 டிகிரி வெப்பத்தில் ஏசி போட்டு ஓட்டும் சோதனையும் மைலேஜ் கணக்கில் சேர்க்கப்படுகிறது. எந்தச் சோதனையின் எண்ணைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் வரும்.

உங்கள் காரின் கணக்கை நீங்களே பார்த்துவிடலாம். பல கார்களின் மீட்டரில் அந்த நொடிக்கான எரிபொருள் செலவைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. சில கார்களில் நிற்கும்போது அது 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்று மாறிக் காட்டும். வெயில் நாளில், திறந்த வெளியில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஓர் ஓரமாக நிறுத்தி, ஏசி இல்லாமல் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் கவனியுங்கள். கம்ப்ரசர் பிடிக்கும்போது எண் ஏறும், விடும்போது இறங்கும். இரண்டுக்கும் நடுவில் தோராயமாக ஒரு சராசரி எடுத்து, முதலில் குறித்ததைக் கழித்தால் கிடைப்பது, நிற்கும்போது உங்கள் ஏசி ஒரு மணி நேரத்துக்குக் குடிக்கும் அளவு.